நம் ஊர் பூக்கும் மாதங்கள்



புரட்டாசி பிறந்துவிட்டது. பச்சைமலை அடிவாரத்தில் லாடபுரம், மலையாளப்பட்டி, அரும்பாவூர், பூலாம்பாடி பக்கம் போகிறவர்கள் இந்த மாதம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள். வேலிகளில் செங்காந்தள் பூக்கும் காலம் இது. நம் பக்கத்தில் கண்வலிப்பூ என்போம், கார்த்திகைப்பூ என்றும் சொல்வோம். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான்.

இறங்கிப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். மலரும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே நிமிரும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாள் ஆக ஆக மஞ்சள் குறைந்து சிவப்பு ஏறும். அதனால் ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு வயதுப் பூக்களை ஒன்றாகப் பார்க்கலாம். இலையின் நுனி சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொள்ளும். அந்த இலையைப் பிடித்துத்தான் கொடி வேலி மேல் ஏறுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் இந்தச் செடி இருந்த இடமே தெரியாது. கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். ஆடி மழையில் முளை விடும், புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் வைக்கவில்லை. காலம் அறிந்து வருகிறது, காலம் அறிந்து போகிறது.

இந்த இதழில் பூச்செடிகளைப் பற்றி உங்களோடு பேச நினைத்ததற்குக் காரணம் உங்கள் கடிதங்கள்தான். “நர்சரியில் வாங்கும்போது பூத்துக் குலுங்கியது, வீட்டுக்கு வந்து ஒரு கோடைகூடத் தாங்கவில்லை” என்ற வருத்தம் பல கடிதங்களில் இருக்கிறது. “எங்கள் மண்ணில் எதுவும் வராது” என்று முடிவு கட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. நம் ஊருக்கென்று ஒரு பூக்காலம் இருக்கிறது. மலையும் வேலியும் ஏரிக்கரையும் மாதந்தோறும் அதை நமக்குக் காட்டுகின்றன. அதைப் பார்த்துச் செடி வைத்தால் நம் வீட்டு வாசலில் பூ இல்லாத மாதமே இருக்காது.

மலையும் பூவும் என்றாலே நம் மனம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடிவிடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1848-ல் அங்கே தாவரவியல் பூங்காவை அமைத்தபோது குளிர்நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் குளிரில் அவை வேர் பிடித்தன. நம் பச்சைமலை வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு அது; பெரம்பலூர், திருச்சி, சேலம் மூன்று மாவட்டங்களுக்கும் பொது. அதன் மேல்பரப்பு 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே பச்சைமலை உச்சிக்கும் பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு போர்வை அளவுதான். அங்கே ஹைட்ரேஞ்சியா வராது. பலாவும் குச்சிக்கிழங்கும் முந்திரியும் வரும். சாமை, தினை விளைந்த மலை அது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் மழையைப் பார்த்து விதைப்பவர்கள். அந்த மலையிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்: எப்போது மழை, எப்போது வெயில், அதற்கு எது பூக்கும்?

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களின் மண்ணுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டு வயது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். அது பூத்த மரம் அல்ல. கூம்பு காய்க்கும் இனம். பூக்கும் தாவரங்கள் உலகில் அப்போதுதான் மெல்லத் தலையெடுத்துக்கொண்டிருந்தன. கரையோரம் நின்ற அந்த மரம் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லானது. ஆம், நம் ஊரில் கடல் இருந்தது. அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் அம்மோனைட் சுருள்களும் சிப்பிகளும் அந்தக் கடல் விட்டுச் சென்றவை. வாரணவாசியில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

அந்தப் பழைய கடலுக்கும் உங்கள் வீட்டு மல்லிகைச் செடிக்கும் தொடர்பு உண்டு. கடல் படிய வைத்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. அந்தச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் காரத்தன்மை கூடுதல். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மல்லிகையின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் நோய் கூடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து, இலை நனையத் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, இலை பச்சை திரும்பும் வரை செய்தால் போதும். தொட்டியில் வைப்பவர்கள் செம்மண்ணும் தொழு உரமும் நன்றாகக் கலந்து வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இனி மாதங்களுக்கு வருவோம்.

இப்போது, புரட்டாசியிலும் ஐப்பசியிலும், செங்காந்தளோடு சங்குப்பூ கொடி வேலியெல்லாம் நீலமாகப் படர்ந்திருக்கும். பவழமல்லிக்கும் இதுதான் காலம். இரவில் மலர்ந்து விடியும்போது உதிரும் பூ அது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான் அந்த வெள்ளை நிறமும் வாசனையும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்காத நம் வீடுகளில்கூடப் பவழமல்லிக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் மண் படாமல் அள்ளலாம். ஒரு கிளையை மழைக்காலத்தில் வெட்டி வைத்தாலும் வரும், விதை போட்டாலும் முளைக்கும். கிணற்றடியோ கொல்லை மூலையோ போதும்.

ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. நம் இரு மாவட்டங்களுக்கும் ஆண்டின் பெரிய மழை அதுதான். மயிலூற்று அருவியில் தண்ணீர் கொட்டும், விசுவக்குடி அணைக்கு நீர் வரும். அந்தச் சமயத்தில் வயல்களில் இன்னொரு பூவைப் பாருங்கள். பெரம்பலூர் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மாவட்டம். வேப்பந்தட்டையில் பருத்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்திப் பூ காலையில் வெளிர்நிறத்தில் விரியும். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகி வாடும். ஒரு செடியில் வெள்ளையும் சிவப்புமாகப் பார்த்து இரண்டு ரகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரே பூவின் முதல் நாளும் இரண்டாம் நாளும்தான் அவை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய பாடம் இல்லை.

கார்த்திகை, மார்கழியில் பகல் குறுகும். அந்தக் குறுகலுக்காகவே காத்திருக்கும் செடிகள் உண்டு. நாட்டுப் பந்தல் அவரையை ஆடியில் ஊன்றினால் கொடி ஆளுயரம் தாண்டி ஓடும், கூரையை மூடும், ஆனால் ஒரு பூவும் தலைகாட்டாது. “கொடி மதர்த்துப் போச்சு, வெட்டிப் போடு” என்பார்கள் பொறுமை இல்லாதவர்கள். வெட்டாதீர்கள். பகல் நேரம் குறைந்ததும் கொத்துக் கொத்தாக ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும். சாமந்திக்கும் இதே குணம். ஊதா டிசம்பர் பூவும் இந்தக் குளிரில்தான் வாசலை நிறைக்கும்.

மார்கழி வாசலுக்குப் பூசணிப்பூ வேண்டும். சாணிப் பிள்ளையாரின் தலையில் வைக்கப் பறிக்கும்போது, நீளக் காம்பில் நிற்கும் ஆண் பூவை மட்டும் பறியுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு உருண்டையாக இருக்கும். அதை விட்டுவிட்டால் காய் கிடைக்கும். கொடியில் ஆண் பூக்களே அதிகம், ஆகவே கோலத்துக்குக் குறை வராது. தேனீ வந்து போகச் சில ஆண் பூக்களையும் கொடியிலேயே விட்டு வையுங்கள்.

தை பிறக்கும்போது செம்மண் கரடுகளில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கும். அதோடு பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம். இந்த மூன்றையும் இப்போது சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் பெருகிவிட்டன. ஓர் ஆவாரைச் செடியைச் சுற்றுச்சுவரை ஒட்டி வைத்தால் ஆட்டுக்குக்கூடப் பயப்பட வேண்டாம். ஆடு அதை அதிகம் தொடாது. வறட்சி தாங்கும், உரம் கேட்காது. அதே மாதங்களில் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் முந்திரித் தோப்புகள் பூக்கும். முந்திரிப்பூ மிகச் சிறியது. வெளிர்நிற இதழில் இளஞ்சிவப்புக் கோடுகள். தோப்பின் நடுவே நின்றால்தான் அதன் வாசனை தெரியும்.

சித்திரை, வைகாசி நம் ஊரின் கடுமையான காலம். வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் மரங்கள் பூப்பது அப்போதுதான். வேம்பு பூக்கும், சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் பிறகு ஆண்டு முழுக்க ரசத்துக்கும் அந்தப் பூவை உலர்த்தி வைப்போம். புங்கன் பூத்துத் தரையில் பொரி இறைக்கும். இலுப்பை விடியற்காலையில் தன் தடித்த இனிப்புப் பூக்களை உதிர்க்கும். ஆலை இல்லாத ஊருக்குச் சர்க்கரையாக இருந்த பூ அல்லவா! வாகை பூத்து அதன் பட்டு இழைகள் காற்றில் ஆடும். அரும்பாவூர்ச் சிற்பிகள் சாமி சிலைகள் செதுக்கும் மரங்களில் வாகையும் ஒன்று. அந்த ஊர்ப் பெயர் தூரதேசங்களுக்குப் போவதற்குக் காரணமான மரத்துக்கு நம் தெருக்களில் இடம் இருக்க வேண்டும்.

அப்புறம் கொன்றை. இலை உதிர்ந்த கிளைகளில் சரம் சரமாகத் தங்க மஞ்சள். கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடிக்குச் சுந்தரர் பாடிய பதிகத்தில் சிவபெருமான் கொன்றை சூடியவராகத்தான் வருகிறார். அரியலூர் மாவட்டத்துத் தலம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்படும் ஒரு பதிகத்தில் இடம்பெற்ற மரம், இன்றும் நம் வெயிலில் அதே அழகோடு பூக்கிறது. வீட்டின் முன் பத்தடி இடம் இருப்பவர்கள் நாட்டுக் கொன்றை ஒன்று வையுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும். பிறகு அது உங்களைத் தேடாது. விதை முளைப்பது கடினம் என்பவர்களுக்கு ஒரு வழி: தோல் கெட்டி, அதனால் விதையின் ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்துவிட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து ஊன்றுங்கள்.

கோடையின் ராணி குண்டு மல்லிதான். மாசிக் கடைசியில் தொடங்கி ஆடி வரை பூக்க வேண்டுமென்றால் அதற்கான வேலை நவம்பரில் இருக்கிறது. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதைக் கவாத்து செய்துவிட வேண்டும். பூத்த செடியை வெட்ட மனம் வராதுதான். ஆனால் மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை எவ்வளவு அடர்ந்தாலும் இலைதான் தரும். வெட்டியபின் காய்ந்த குச்சிகளையும் நோய் பட்ட இலைகளையும் நீக்கி, தரையில் உள்ள செடிக்கு 10 கிலோ தொழு உரம் இட்டுத் தண்ணீர் விடுங்கள். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றும் ஒரு வீட்டில் இருந்தால் கவாத்தும் முறை வைத்து வரும், பூவும் முறை வைத்து வரும். புதிதாக நடுபவர்களுக்கு இப்போது தொடங்கி நவம்பர் வரை நல்ல காலம்.

நிழல் விழும் வாசல் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். கனகாம்பரம் இளநிழலில் சுகமாக வரும். அதன் முற்றிய காய் மேல் தண்ணீர் பட்டால் படபடவென்று வெடித்து விதை தெறிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு அடுத்த வருடத்து நாற்று. டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது, கிளையை வெட்டித்தான் நட வேண்டும். வேரில் நூற்புழு விழுந்து செடி குறுகினால் அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். அதன் வேர் நூற்புழுவை அடக்கும். பூவும் ஆயுத பூஜைக்கு ஆகும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. செங்காந்தளைப் பற்றி ஆசையாகச் சொன்னேன். அதன் கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. அதில் உள்ள கோல்ச்சிசின்தான் யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டு வலிக்கு மருந்தாகிறது. அதற்காகவே ஜெயங்கொண்டம் பக்கம் உட்பட தமிழ்நாட்டில் பல இடங்களில் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். காலையில் விவசாயிகள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பதைத் தோட்டங்களில் காணலாம். மருந்து ஆக்குவது ஆலையின் வேலை. வீட்டில் அந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டிலும் மாடு கட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். காட்டிலிருந்து தோண்டி எடுத்தும் வராதீர்கள். கலப்பை போல் கவைத்த அந்தக் கிழங்கில் ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான்; இழுத்து ஒடித்தால் முளையும் போகும், வேலியில் இருந்த பூவும் போகும். அது வேலியிலேயே இருக்கட்டும். சாலையோர அரளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தண்ணீர் இல்லை என்பவர்களுக்கு: செடியின் அடிமண்ணை வெயில் பார்க்க விடாதீர்கள். பெரம்பலூர்க்காரர்களுக்கு மக்காச்சோளத் தட்டை இருக்கிறது, அரியலூர்க்காரர்களுக்கு முந்திரிச் சருகு இருக்கிறது. எரிப்பதை விட்டு, நறுக்கி மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டால் பங்குனி வெயிலிலும் மண் ஈரம் காக்கும். சோப்பு அதிகம் கலக்காத அடுப்படித் தண்ணீர் செம்பருத்திக்குப் போகட்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரத்து வீடுகளில் இலை மேல் தூசி படிந்து செடி மூச்சு முட்டும்; வாரம் ஒருமுறை காலையில் இலைகளைத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். மாடியில் வைக்கிறவர்களுக்குத் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளை தருகிறது. நோய், பூச்சி குறித்த சந்தேகங்களை வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களில் கேளுங்கள். இலை ஒன்றைக் கையோடு கொண்டு போனால் அவர்களுக்கும் சொல்ல எளிது.

ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் செடிகளை வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆசைக்கு ஒரு ரோஜா இருக்கட்டும். ஆனால் தோட்டத்தின் அடிப்படை நம் ஊர்ச் செடிகளாக இருந்தால், அந்த ஒரு ரோஜா வாடினாலும் தோட்டம் வாடாது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆண்டு முழுக்க இரை கிடைக்கும். பாட்டி வைத்த பூவின் பெயர் பேத்திக்குத் தெரியும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உங்கள் கொல்லையில் எந்தப் பூ எந்த மாதம் பூக்கிறது என்று எழுதுங்கள். பூவின் பெயரை உங்கள் ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். மாதம், இடம், எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று மூன்று வரி போதும். பச்சைமலை மேலே இருக்கும் வாசகர்களும் கொள்ளிடக் கரையில் இருக்கும் வாசகர்களும் கட்டாயம் எழுத வேண்டும். ஒரே பூ மேலே ஒரு மாதமும் கீழே ஒரு மாதமும் பூக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். வந்தவற்றையெல்லாம் தொகுத்து, தை இதழில் இரு மாவட்டங்களுக்குமான பூ நாள்காட்டியாக வெளியிடுகிறோம். சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு அடுத்த ஆடியில் விதைக்கலாம்.

அதற்கு முன் இந்த ஐப்பசி மழைக்குள் ஒரு செடியாவது நட்டுவிடுங்கள். நட்டது எது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்